வாய் தவறி வந்த ‘அவ’

அரசாங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிற அந்தப் பேராசிரியைக்கு, அரசாங்க அலுவலகக் கவுன்ட்டர் முன்னால் நின்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியவர்கள், போன இடத்தில் வேர்விட்டவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்று பாதி வாழ்நாளை இவர்களைப் பற்றிய ஆராய்ச்சியிலேயே கழித்தவள். அவளும் அந்த நகரத்துக்கு வேறொரு நாட்டிலிருந்து வந்து குடியேறியவள்தான். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போகிற நாளில் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவர், அவள் எழுதிய புத்தகத்தை அந்த அதிகாரிகள் படித்தால் அவர்கள்தான் நடுங்குவார்கள் என்று கேலி செய்வார்.

பல்கலைக்கழகத்துக்குப் பின் சந்தில் ஒரு சலூன் இருந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த ஒருவர் நடத்தினார். அவர் நாட்டுக்காரர்கள் விடுமுறை நாட்களில் முடி வெட்டிக்கொள்ள வருவார்கள், வெட்டி முடித்த பிறகும் போக மாட்டார்கள். மூலையில் ரெக்கார்டரோடு அவள் உட்கார்ந்திருப்பாள். யாராவது முக்கியமான விஷயம் சொல்ல ஆரம்பித்தால் சலூன்காரர் மெஷினை நிறுத்திவிடுவார். பாதி வெட்டிய தலையோடு ஒருவர் கண்ணாடியைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருப்பார். அங்கே அவளுக்குப் பெயர் கேள்வி அக்கா.

அந்தச் சலூன்காரரைத்தான் நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதாகக் குடியேற்றத் துறை முடிவு செய்தது. திரும்பிப் போகிறவர்களுக்கு அங்கே ஓர் ஆபத்தும் இல்லை என்பது துறையின் வாதம். இங்கே நடந்த கூட்டங்களில் அவர் தன் நாட்டு ஆட்சியைத் திட்டிப் பேசியிருந்தார். அவருடைய வழக்கறிஞர் பேராசிரியையைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். அந்த நாட்டு விமான நிலையத்தில் வேலை செய்கிற ஒருத்தி, திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலரை வரிசையிலிருந்து தனியே அழைத்துப் பின்னறைக்குக் கொண்டுபோவதையும், அவர்களில் சிலர் வெளியே வரவே இல்லை என்பதையும் போனில் அவளிடம் சொல்லியிருந்தாள். அவள் பெயர் தன் வாயிலிருந்து வராது என்று பேராசிரியை வாக்குக் கொடுத்திருந்தாள்.

கணவர் வேண்டாம் என்றார். அவர்கள் இருவரின் அனுமதியும் அதே துறையின் மேசையில்தான் கிடந்தது. “நாம என்ன பெரிய ஆளா? நாளைக்கு நம்மள மூட்டையைக் கட்டுன்னு சொன்னா என்ன பண்ணுவே?” என்று கேட்டார்.  வர இயலாது என்று வழக்கறிஞருக்குச் சொல்ல இரண்டு முறை போனை எடுத்து, இரண்டு முறையும் வைத்துவிட்டாள். கடைசியில், போகாமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைக்காததாலேயே போனாள். கணவரும் முணுமுணுத்துக்கொண்டே கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார்.

விசாரணை அறை ஒரு பழைய வகுப்பறை மாதிரி இருந்தது. ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் சொட்டியது. தீர்ப்பு சொல்ல வேண்டிய அம்மாளுக்குச் சளி. துறையின் வழக்கறிஞர் இளைஞர், அத்தனை மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதையைத்தான் அவள் நம்பவில்லை. பின் வரிசையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அவள் கணவர். இன்னொருவரை யாருக்கும் தெரியவில்லை.

பின்னறை விஷயத்தை அவள் சொன்னதும், யார் சொன்னது என்று இளைஞர் கேட்டார். அங்கே வேலை செய்கிற ஒருவர் என்றாள். அந்த ஒருவர் கதை கட்டியிருக்கலாம் இல்லையா என்று அவர் புன்னகையோடு கேட்டார்.

“இல்லைங்க, அவ பொய் சொல்ற ஆளு இல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவள் காதிலேயே விழுந்தது. அவ. அந்த விமான நிலையக் கவுன்ட்டர்களில் எத்தனை பெண்கள் இருப்பார்கள்? கைவிரல்களை மடக்கி எண்ணிவிடலாம். அதுவரை தூங்குவது போலிருந்த அந்தப் பின் வரிசை ஆள் தலையை நிமிர்த்தினார். போனை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைத் திறந்து வெளியே போனார்.

பேராசிரியை தண்ணீர் கேட்டாள். முகம் வெளுத்ததைப் பார்த்து அந்த அம்மாள் கொஞ்ச நேரம் இடைவேளை விட்டார்.

நடைபாதையின் கடைசியில், ஜன்னலருகே அந்த ஆள் முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். சலூன்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது.

“அக்கா, அவங்களுக்கு இப்பவே தகவல் போகணும். நீங்க போன் பண்ணாதீங்க. உங்க நம்பர் அவங்க போன்ல வந்தா அதுவே போதும், மாட்டிக்குவாங்க. என் கடைக்கு வர்றவனோட தம்பி அந்த ஊர்லதான் இருக்கான். வீட்டுக்கே நடந்துபோய்ச் சொல்லுவான். பேரை மட்டும் எங்கிட்ட சொல்லுங்க.”

தீர்ப்பு சொல்கிறவர் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது இவரிடம் சொல்வதா? இவர் நல்லவர்தான். ஆனால் அந்தத் தம்பி? அவன் பக்கத்து வீட்டுக்காரன்? சலூனில் சாதாரணமாகத் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய்ச் சேர்ந்ததை அவளே கட்டுரையாக எழுதியிருக்கிறாள். கணவரைப் பார்த்தாள். 

“யோசிக்கிறதுக்கு நேரமில்லைம்மா. சொல்லிடு,” என்றார் கணவர்.

சலூன்காரரின் காதருகே குனிந்து சொன்னாள். கொடுத்த வாக்கு அத்தோடு போயிற்று. அவர் தலையாட்டிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

மறுபடி உள்ளே போனதும் பெயரைச் சொல்லும்படி கேட்டார்கள். சொல்ல முடியாது என்றாள். குரல் வெளியே வராததால் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெயரில்லாத சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவுதான், ஒத்துழைக்க மறுத்ததைப் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றார். பின் வரிசையில் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அந்த ஆள் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த நாட்டுத் தூதரகத்து ஆளாக இருக்கலாம். மழைக்கு ஒதுங்கியவராகக்கூட இருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்கே தெரியாது. அழைப்புமணி அடித்தால் கையிலிருந்தது கீழே விழுந்தது. பாடம் நடத்தும்போது பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள். தினமும் சலூன் வாசலில் போய் நிற்பாள். தம்பி தகவல் சொல்லிவிட்டான், ஆனால் அடுத்த நாள் போனபோது விமான நிலையத்துக்காரியின் வீடு பூட்டிக் கிடந்தது என்று மட்டும் சலூன்காரர் சொன்னார். அவளே பூட்டிக்கொண்டு போனாளா, பிடித்துக்கொண்டு போனார்களா? யாராலும் சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவில் தீர்ப்பும் வந்தது. சலூன்காரர் இப்போதைக்கு இருக்கலாம், நிலைமையைப் பிறகு மறுபடி பார்ப்பார்கள். பெயர் சொல்லாத சாட்சியத்தைக் குறைவாகவே எடுத்துக்கொண்டதாகவும், ஆனால் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை என்றும் அந்த அம்மாள் எழுதியிருந்தார். பல்கலைக்கழகம் ஒரு குழுவை நியமித்து, அவளுடைய ஆராய்ச்சியை நிறுத்திவைத்தது. அவர்களுடைய தங்கும் அனுமதி பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதிலைத் துறை திரும்பத் திரும்பச் சொன்னது. கணவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கடைக்குப் புதிய ஃபிரேம்கள் வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஒரு மத்தியானம், பல்கலைக்கழகத்தில் தன் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தாள்.

“அக்கா, நான்தான்.”

விமான நிலையத்துக்காரி எல்லையைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்விட்டாள். மகளும் கூட இருந்தாள். அங்கே ஒரு டயர் கடைக்குப் பின்னால் தூரத்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தாள். பெயரைச் சொன்னதற்காகப் பேராசிரியை மன்னிப்புக் கேட்டாள். மறுமுனையில் இருந்தவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. பின்னணியில் காற்றடிக்கும் மெஷின் சத்தம் போட்டது.

“நீங்கதானே இதெல்லாம் படிச்சு எழுதறவங்க. இங்க எங்ககிட்ட ஒரு பேப்பரும் இல்ல. இனிமே நாங்க என்ன பண்ணணும், சொல்லுங்க.”

இதைப் பற்றித்தான் அவள் புத்தகம் புத்தகமாக எழுதியிருந்தாள். இப்போது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. எழுந்து அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.  போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டாள்.

“முதல்ல இதைச் சொல்லு. நீ வந்ததை யாராவது பார்த்தாங்களா?”