இரண்டாவது கியரின் கயிறு

சலூன்காரருக்கு உயிர் இரண்டு இடத்தில் இருந்தது. பாதி அவர் மனைவி டீச்சரிடம், பாதி அவருடைய பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளிடம். வண்டி அவரைவிட வயதில் மூத்தது, பிடிவாதத்திலும் மூத்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகினவன் ஏறினால், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து நேரே சுவரில் போய்த்தான் நிற்பான். ஆகவே யாரும் இரவல் கேட்பதில்லை.

அதற்கு ஒரே ஒரு வியாதி, இரண்டாவது கியர் தங்காது. மேட்டில் நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து 'டக்'கென்று நியூட்ரலுக்குத் துள்ளிவிடும். கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், ஒரு சக்கரம் இன்னொன்றைக் கோத்துப் பிடிக்கிற பற்களெல்லாம் சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி மழுங்கிவிட்டன என்றார். புது பார்ட்ஸ் கப்பலில் வர வேண்டுமாம். எப்போது கேட்டாலும் "வந்துரும்" என்பார். கடைசியில் மனுஷனுக்கு வந்துரும் என்றே பெயர் நிலைத்துவிட்டது, பார்ட்ஸ்தான் வந்தபாடில்லை.

டீச்சரின் பள்ளிக்கூட வாசல் ஒரு மேட்டில் இருக்கிறது. ஒருநாள் காலை, வகுப்பு முழுவதும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்க, வண்டி அங்கே மக்கர் பண்ணியது. தலைமையாசிரியை அம்மாவே இறங்கி வந்து தள்ளினார். டீச்சருக்கு மானம் கப்பலேறிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை என் தம்பி வீட்டுக்குப் போறோம். அந்த மேட்டுத் தெருவுல நம்ம ரெண்டு பேரையும் நிக்காம ஏத்திடுச்சுன்னா, இந்த வண்டியப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன். நின்னுச்சுன்னா அங்கயே வித்துடணும்."

தம்பிக்காரன் சும்மா இருப்பானா? வாங்குகிற ஆளையே பிடித்து வீட்டில் உட்கார வைத்துவிட்டான்.

முதல் கியரிலேயே ஏற்றலாமே என்பீர்கள். ஏற்றினால் பாதி மேட்டில் இன்ஜின் கொதித்துப் படுத்துவிடும், அதையும் பார்த்தாயிற்று. லீவரைக் கால் விரலால் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தால் கியர் தங்கும்தான், ஆனால் தெருமுனை தாண்டுவதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தவர், காலையில் சலூன் திரைக் கயிற்றை உருவி வந்து லீவரில் ஒரு முனையைக் கட்டினார். மறுமுனையைப் பின்சீட்டில் இருந்த டீச்சரின் கையில் கொடுத்தார். "இழு" என்றால் இழுக்க வேண்டும், "விடு" என்றால் விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. டீச்சர் கயிற்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கயிறு கூடாது என்று நான் சொல்லவில்லை என்று நியாயமாக ஒப்புக்கொண்டாள்.

மேட்டுத் தெரு வந்தது. சலூன்காரர் "இழு" என்றார், அவள் இழுத்தாள். வண்டி சமர்த்தாக ஏறியது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பாதித் தெருவில்தான் மண்டையில் உறைத்தது. அவள் கையைக் கொஞ்சம் தளர்த்தினால் கியர் துள்ளும், வண்டி நிற்கும், விற்றுவிடலாம். இதை விற்கத் துடிக்கிறவள் கையிலேயே கயிற்றைக் கொடுத்திருக்கிறார்! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவன்கூட இவ்வளவு முட்டாளாக இருந்திருக்க மாட்டான். கெஞ்சலாமா என்று பார்த்தார், கெஞ்சினால் ஞாபகப்படுத்தியது போல ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டார். பின்னால் கயிறு லேசாகத் தளர்ந்தது. இன்ஜின் சத்தம் மாறியது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் தன் புது ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்து சேர்ந்தான். வாயெல்லாம் பல்.

"என்ன மாமா, கயிறு கட்டி மாடு ஓட்டற மாதிரி ஓட்டறீங்க? அக்கா, இறங்கி நடந்து வந்துடு. மாமாவும் வண்டியும் ஒரே கேஸு, ரெண்டுமே தேறாது."

டீச்சர் தன் புருஷனை ஒருநாளைக்கு நூறு சொல்லுவாள். ஆனால் அடுத்தவர் ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்க மாட்டாள், கூடப் பிறந்தவனே ஆனாலும் சரி.

"வாய மூடிட்டு வழிய விடுடா" என்றாள். கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, சீட்டில் பின்னுக்குச் சாய்ந்து ஒரு இழு இழுத்தாள். இரண்டாவது கியர் ஜென்மத்தில் அப்படிக் கோத்ததில்லை. வண்டி உறுமிக்கொண்டு ஸ்கூட்டரைத் தாண்டியது, மச்சினன் வீட்டு வாசலில் நின்றிருந்த வாங்குகிற ஆளையும் தாண்டியது. சலூன்காரர் "விடு, விடு" என்று கத்தினார். அவள் தெருவின் உச்சி வரைக்கும் விடவில்லை.

உச்சியில் இறங்கியபோது சலூன்காரர் அவள் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் கயிறு பதிந்து செக்கச்செவேலென்று கன்றியிருந்தது. மூச்சிரைக்க ஓடிவந்த வாங்குகிற ஆளிடம் சாவியை நீட்டி, எடுத்துக்கொண்டு போய்விடு, இனி எனக்கு இது வேண்டாம் என்றார். சத்தியமாக மனசாரத்தான் சொன்னார்.

டீச்சர் அந்தச் சிவந்த கையாலேயே சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் இவ்ளோ தூரம் இழுத்துப் பிடிச்சது எவனோ ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுக்கறதுக்கா? ஏறி உக்காருங்க."