டெல்மரின் மீன்பிடி லைசென்ஸ்

"உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தப்படறோம் மேடம்" என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்கும் குரலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பாகு கொட்டிய மேசையில் கை வைத்தது போலிருந்தது. அக்கா நோரீன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து அவள் சுட்ட சோள ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன்.

"நான் கேடன் பேசறேன் மேடம். ஹார்வுட் கிரீவ் வசூல் நிறுவனம். உங்க கணவர் டெல்மர், ஆத்துக்கு அக்கரையில இருக்கற எங்க மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வருமான வரிய கட்டாமலே போயிட்டாரு. பழைய பாக்கி, வட்டி எல்லாம் சேர்த்து ஏழாயிரம் டாலருக்கு மேல வருது. நீங்கதான் கட்டணும்னு நான் சொல்லல. ஆனா போனவங்க பேரு சுத்தமா இருக்கணும்னு நிறைய குடும்பங்க தாங்களா முன்வந்து கட்டிடறாங்க."

அக்கா செக் புத்தகத்தை எடுக்க எழுந்தேவிட்டாள். நான் போனைப் பிடுங்கினேன்.

"தம்பி, எந்த வருஷத்து வரி, என்ன ஆதாரம், எல்லாத்தையும் எழுத்துல அனுப்பு."

"சார் வக்கீலுங்களா?"

"இல்லப்பா. வீட்டு ஹீட்டர் ரிப்பேர் பண்றவன். எங்க கேஸ் கசியுதுன்னு மூக்கு சொல்லிடும்."

அன்றே கடிதமும் எழுதினேன். முதலில் எழுதியதை எங்கள் பாஸ்டர் படித்தால் எனக்குச் சேர்த்து ஒரு தனி ஜெபம் வைத்திருப்பார், கிழித்துப் போட்டேன். அடுத்ததை மரியாதையாக எழுதி, வாங்கியவன் கையெழுத்தோடு பச்சை அட்டை திரும்பி வருகிற பதிவுத் தபாலில் அனுப்பினேன். டெல்மர் கல்யாணமான நாளிலிருந்து ஆற்றுக்கு இந்தக் கரையில்தான் இருந்தான். வேலை இங்கே, வரி இங்கே, கல்லறையும் இங்கே.

பதில் ஒரே தாளில் வந்தது. டெல்மர் வருடா வருடம் அக்கரை மாநிலத்தில் உள்ளூர்வாசிகளுக்கான மீன்பிடி லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். உள்ளூர்வாசி என்றால் வருமானம் இருக்கும், வருமானம் இருந்தால் வரி இருக்கும். கணக்குத் தாக்கல் செய்யவில்லை, ஆகவே அவர்களாகவே ஒரு தொகையை ஊகித்துப் போட்டுவிட்டார்கள்.

படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கரை ஏரியில் வெளிமாநிலத்தார் மீன் பிடிக்க லைசென்ஸ் விலை மூன்று மடங்கு. டெல்மர் செத்துப்போன தன் அம்மாவின் அக்கரை முகவரியைக் கொடுத்து உள்ளூர் விலைக்கு வாங்கிவந்தான். ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். மிச்சமான காசுக்கு ஒரு வாளி புழுகூட வாங்க முடியாது. இப்போது அந்தப் புழு ஏழாயிரம் டாலருக்குக் கொழுத்துவந்து நிற்கிறது.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஒருநாள் ஏரியில் மீன்வளத் துறைக் காவலர் படகை நிறுத்தி அவனைப் பிடித்துவிட்டார். நானும் படகில் இருந்தேன். மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பிடுங்குவதைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும் என்பதால் சாண்ட்விச் மட்டுமே என் வேலை. "இவர் இந்த மாநிலத்தில் வசிப்பவர் அல்லர்" என்று எழுதி அபராதம் போட்டார்கள். டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான். வெளியூரான் என்று தண்டம் வாங்கிய அதே மாநிலம்தான் இப்போது உள்ளூரான் என்று வரி கேட்கிறது.

"அந்த அபராதச் சீட்டு எங்கக்கா? அத அனுப்பினா முடிஞ்சுது."

"மாட்டேன்."

"ஏன்?"

"சர்ச்சுல காணிக்கைத் தட்டு பிடிச்ச மனுஷன்டா அவரு. அரசாங்கத்துக்கிட்ட பொய் சொன்னாருன்னு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா? படகை வித்துக் கட்டிடறேன். சனிக்கிழமை ஆள் வர்றான்."

டெல்மர் போனபின் அந்தப் படகில் உட்கார்ந்துதான் அவள் காலைக் காபி குடிப்பாள், கராஜுக்குள்ளேயே, டிரெய்லர் மேல். அதை விற்பதா? எனக்கு அந்தக் கேடன் மேல் வந்த குமட்டல் டெல்மர் மேலும் கொஞ்சம் சிந்தியது.

வெள்ளிக்கிழமை கேடன் மறுபடி அழைத்தான்.

"மேடம், நேர்மையான மனுஷனா இருந்தா வரிய ஏமாத்திட்டு இப்படிப் பொண்டாட்டி தலையில கட்டிட்டுப் போவாரா? யோசிச்சுப் பாருங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போன் அருகே குனிந்தாள்.

"இங்க பாருப்பா. என் புருஷன் வரிய ஏமாத்துனவரு இல்ல. மீன் லைசென்ஸுலதான் ஏமாத்தினாரு. பிடிபட்டு, தண்டமும் கட்டினாரு. உன்ன மாதிரி செத்தவன் வீட்டுக்குப் போன் போட்டுத் துட்டு பறிக்கல. உன் முகவரியச் சொல்லு, ஆதாரம் அனுப்பறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து பாகு வடியாத குரலில் முகவரி வந்தது.

சீட்டு எங்கும் ஒளிந்திருக்கவில்லை. டெல்மர் அதைக் கராஜ் சுவரில், தான் பிடித்த பெரிய கெளுத்தியின் போட்டோவுக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டியிருந்தான். வெட்கமில்லாதவன். அக்கா அதன் நகலோடு தன் கையாலேயே ஒரு வரி எழுதினாள்: "இவர் பொய் சொன்னார் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், இப்போது மெய் என்கிறீர்களா?"

படகு வாங்க வந்தவனைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். சில வாரங்கள் கழித்து, கணக்கு முடிக்கப்பட்டது என்று ஒற்றை வரிக் கடிதம் வந்தது. மன்னிப்பு என்று ஒரு எழுத்துகூட இல்லை. அந்த உறையைத் தொட்ட கையை நான் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

வசந்தத்தில் படகை அக்கரை ஏரிக்கு இழுத்துப்போனோம். தூண்டில் கடைப்பெண் கேட்டாள், "இந்த மாநிலந்தானேம்மா?"

"இல்ல. ஆத்துக்கு அந்தக் கரைக்காரி. வெளியூர் ரேட்டே போடு" என்றாள் அக்கா, கடை முழுக்கக் கேட்கும்படி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் ஒண்ணு வாங்குடா."

"நான்தான் மீன் பிடிக்கறதே இல்லையேக்கா."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

வாங்கிவிட்டேன். முழு விலைக்கு. சாண்ட்விச் தின்பதற்கு.