கத்திக்குக் கீழே இதயம்

ஜப்பானின் குரே நகரத்தில், சமூகக் கூடத்தின் மாடியில் சனிக்கிழமை காலைகளில் தூரிகை எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் என்னைப் போல ஐம்பதைத் தாண்டிய பெண்கள். அந்த மாதம் 'நின்' என்ற ஜப்பானிய எழுத்தை எழுதினோம். பொறுத்துப்போவது என்று பொருள். மேலே கத்தியின் குறி, கீழே இதயத்தின் குறி, அவ்வளவுதான் அந்த எழுத்து.

"கத்தி மேலயே நிக்கும். இதயம் அசையக் கூடாது," என்று பெருமையாகச் சொன்னேன்.

மிசாவோதான் எல்லாரையும்விட அழகாக எழுதினாள். அவள் கழுத்தில் விரல் தடங்கள் நீலம் பாரித்திருந்தன. பார்த்தும் நான் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயம்.

மூன்றாம் வாரம் இடது கையால் எழுதினாள். வலது கையில் இரண்டு விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன.

"கதவுல நசுங்கிடுச்சு டீச்சர்."

பக்கத்தில் இருந்த ஹருயே விடவில்லை. "பொல்லாத கதவுடி அது. போன வாரம் உன் கழுத்த நெரிச்சதும் அதானா?"

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் மிசாவோவின் கணவன் குன்ஜி செருப்பைக்கூடக் கழற்றாமல் பாயில் ஏறி வந்தான். கப்பல் பட்டறையில் வெல்டர்.

"சோறாக்காம இங்க என்னடி கிறுக்கிட்டிருக்க?"

அவள் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். காகிதத்தில் ஒரு பல் விழுந்தது. கையைப் பிடித்து இழுத்த ஹருயேவை விலாவில் உதைத்தான். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

மிசாவோவின் இடது கைக்கு மை அரைக்கும் கனமான கல் அகப்பட்டது. முதலில் முழங்காலில் அடித்தாள். அவன் குனிந்ததும் தாடையில் அடித்தாள். எலும்பு உடையும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மையும் ரத்தமும் வழிய அவன் சரிந்து விழுந்தான். அவள் மறுபடியும் ஓங்கினாள்.

"இன்னும் பொறுக்கணுமா டீச்சர்? சொல்லுங்க! இன்னும் பொறுக்கணுமா?"

பாய்ந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் மிசாவோ. செத்துடுவான். நீதான் ஜெயிலுக்குப் போவ."

வெகுநேரம் கழித்துத்தான் அவள் விரல்கள் தளர்ந்தன.

தற்காப்பு என்று சொல்லி அவள்மேல் வழக்குப் போடவில்லை. குன்ஜிக்கு மூன்று வருடச் சிறை. ஹருயேவுக்கு விலா எலும்பு கூடிவிட்டது. மிசாவோ மட்சுவேயில் தங்கை வீட்டுக்குப் போய், மீன் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாளாம். மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.