இருபத்தேழுக்கு வந்த பதில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் 'வெடி மிஸ்' என்பார்கள். கணக்கு டீச்சருக்கு அப்படி ஒரு பெயர் இருந்தால்தான் வகுப்பு அடங்கும் என்று நானும் கண்டுகொள்வதில்லை. கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் ஆண்பிள்ளைகள் பள்ளி அது. என் ஒரே மகன் அங்கேதான், அதுவும் என் வகுப்பிலேயே படித்தான். வீட்டில் நான் அம்மா; பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் மிஸ். அவன் அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வீட்டில் இருப்பதைவிடக் கடலில் இருப்பதுதான் அதிகம். ஆக, எனக்கு அவன், அவனுக்கு நான்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் ஏதாவது ஒரு சேவைக் குழுவில் சேர்ந்தே ஆகவேண்டும். சிலர் கோயிலைக் கூட்டிப் பெருக்குவார்கள், சிலர் பூசைக்கு உதவுவார்கள். என் மகன் சேர்ந்தது முதியோர் குழு. கோயிலுக்குப் பின்னால், ஓய்வுபெற்ற சாமியார்கள் இருக்கும் சின்ன இல்லம். ஒரு சிஸ்டர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார். சாயங்கால மணி அடித்ததும் பிள்ளைகள் அங்கே போய் நகம் வெட்டிவிடுவார்கள், ஜெபமாலை சொல்வார்கள், சக்கர நாற்காலியை மரத்தடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்கள். "வீட்டுல ஒரு டம்ளரை எடுத்து வைக்க மாட்டான், அங்க போய் சேவை செய்யறானாம்" என்று நான் வாயால் நொடித்தாலும் உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த இல்லத்தில் பெரிய ஃபாதர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் இதே பள்ளியில் ஆசிரியர், பிறகு தலைமையாசிரியர். இப்போது நினைவு தப்பிவிட்டது, காலும் விழுந்துவிட்டது. சாயங்காலமானால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் எடுப்பார். கையில் ஒன்றும் இருக்காது. அவர் காலத்திலும் இப்போது போலவே பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை, எண்தான். ஒன்று, இரண்டு என்று அவர் கூப்பிட, பிள்ளைகள் சுவரோரமாக நின்றுகொண்டு மாற்றி மாற்றி "உள்ளேன் ஃபாதர்" என்பார்கள். கிழவர் மனசு நோகக்கூடாது என்று முந்தைய குழுக்கள் ஆரம்பித்து வைத்த ஏற்பாடு இது. விளையாட்டாகத்தான் நடந்தது.

ஆனால் இருபத்தேழு வந்ததும் சிக்கிக்கொள்வார். யார் "உள்ளேன்" என்றாலும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கூப்பிடுவார். "இருபத்தேழு. இருபத்தேழு." கடைசியில் குழந்தை மாதிரி அழுவார். அந்த அழுகையைக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது என்று என் மகன் சொல்லியிருக்கிறான்.

அவர்கள் குழுவில் வாயாடி ஒருவன் உண்டு. எதற்கும் ஒரு பாயின்ட் பிடிப்பான், அதனால் அவனுக்கு 'வக்கீல்' என்று பெயர். அவன்தான் யோசனை சொன்னானாம். "டேய், அவருக்கு நிஜமான இருபத்தேழு வேணும்டா. நம்ம கிளாஸ்ல உன் நம்பர் இருபத்தேழுதானே? நீ சொல்லு. நீ சொன்னா பொய்கூட இல்ல, பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்ல வேண்டியதும் இல்ல."

என் மகன் ஓரடி முன்னால் வந்து "உள்ளேன் ஃபாதர்" என்றான். பெரிய ஃபாதர் அவனையே வெறித்துப் பார்த்தாராம். "நீயா?" என்றாராம். "ஏன்டா இப்படி நனைஞ்சிருக்க?" அவ்வளவுதான், அழுகை நின்றுவிட்டது, அட்டெண்டன்ஸும் அதோடு முடிந்தது. பிள்ளைகள் அதைப் பெரிய வெற்றியாக நினைத்துக் கைதட்டினார்கள். அன்றிலிருந்து இருபத்தேழுக்கு அவன்தான் பதில். இதையெல்லாம் அவன் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நாளில் அவன் சட்டைக் காலர் நனைந்து வர ஆரம்பித்தது. சுள்ளென்று வெயில் அடிக்கிற காலம். வியர்வை இல்லை, முகர்ந்து பார்த்தால் மூடிக் கிடந்த தண்ணீரின் பாசி வாடை. "எங்கடா போய் முங்கின?" என்று கேட்டால், "எங்கயும் போகல" என்பான். பேச்சு குறைந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒருநாள், "குழம்பு போதும், மிஸ்" என்றான். கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து, "வாயிலேயே ஒண்ணு போடுவேன்" என்றேன். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவன் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில், தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான். ஆத்திரம் தாங்காமல் வகுப்பில் கூப்பிடுவது போல "இருபத்தேழு!" என்றேன். சட்டென்று திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன்" என்றான்.

பெற்ற பிள்ளை கண் முன்னால் நிற்கிறான், ஆனால் அவன் இல்லை. என் மகனைக் கொஞ்சம் கொஞ்சமாக யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கணக்கு டீச்சருக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

மறுநாளே நேராக இல்லத்துக்குப் போய் சிஸ்டரிடம் சண்டை பிடித்தேன். "என்ன சிஸ்டர், படிக்கிற பிள்ளையை வெச்சு நாடகம் போடறீங்களா?"

சிஸ்டருக்கு அதிர்ந்து பேசத் தெரியாது. "கோவிச்சுக்காதீங்க மிஸ். உங்க பையனாலதான் அந்த மனுஷன் நிம்மதியாத் தூங்குறாரு. அவரு வகுப்புல முன்னாடி ஒரு பையன், இங்க பின்னாடி இருக்கிற மழைத்தண்ணித் தொட்டியில விழுந்து இறந்து போயிட்டானாம். சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் தெரியலையாம்."

"அவன் நம்பர்?"

சிஸ்டர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "நாளையிலிருந்து நீ அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. வேற குழுவுல சேர்த்துவிடறேன்." அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரி, மிஸ்" என்றான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து முதல் வகுப்பு எனக்கு. உச்சி வெயில். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. திருத்த வேண்டிய தாள்கள் மலையாகக் கிடந்ததால், குனிந்தபடியே அட்டெண்டன்ஸ் எடுத்தேன்.

"இருபத்தாறு."

"உள்ளேன் மிஸ்."

"இருபத்தேழு."

"உள்ளேன் மிஸ்."

குறித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டேன். இன்னும் இரண்டு மூன்று எண் கூப்பிட்ட பிறகுதான் என்னவோ உறுத்தியது. குரல் வந்தது என் மகன் இடத்திலிருந்துதான். ஆனால் பெஞ்சிலிருந்து வரவில்லை, இன்னும் கீழேயிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவன் பை இருந்தது. அவன் இல்லை.

"எவன்டா அவனுக்குப் பதில் சொன்னது? எழுந்திரு!"

ஒருவனும் எழுந்திருக்கவில்லை. வக்கீல்தான் மெதுவாக எழுந்து நின்றான். பேயறைந்த முகம். "மிஸ், மாதா மேல சத்தியமா நாங்க யாரும் சொல்லல. அவன் சாப்பாட்டு மணிக்கப்புறம் கிளாஸுக்கே வரல. நாங்களே திரும்பிப் பாத்தோம் மிஸ். அங்க யாருமே இல்ல." என் மகன் உட்காரும் பெஞ்சைத் தொட்டேன். ஈரம் கையில் ஒட்டியது.

செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக ஓடினேன். முதலில் இல்லத்துக்குத்தான் போனேன், அங்கே பெரிய ஃபாதரோடு இருப்பான் என்று. அங்கே அவனைக் காணோம். பெரிய ஃபாதர் மட்டும் நாற்காலியில். அட்டெண்டன்ஸ் நேரமே இல்லை, ஆனாலும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இருபத்தேழு. இருபத்தேழு." கன்னமெல்லாம் கண்ணீர்.

சிஸ்டர் என் கையைப் பிடித்தார். "காலையிலேர்ந்து இப்படித்தான் மிஸ். நீங்களாவது உள்ளேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லன்னா நிறுத்த மாட்டாரு."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "எதுக்குச் சொல்லணும்? இல்லாத பிள்ளையை இருக்கான்னு எதுக்குச் சொல்லணும்?" என்று கத்திவிட்டு, பெரிய ஃபாதர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "வரல ஃபாதர்! இருபத்தேழு வரல! அவன் இடத்துல அவன் இல்ல!"

அழுகை நின்றது. பெரிய ஃபாதர் என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் நான் அவர் கண்ணில் பார்த்திராத தெளிவு.

"என்ன சொன்னே?"

"வரல, ஃபாதர்."

"வரலையா?" என்றார். "எல்லாரும் உள்ளேன், உள்ளேன்னுதானே சொல்றாங்க. அன்னைக்கும் அவனோட கூட்டாளி ஒருத்தன் அவனுக்காகச் சொன்னான். நான் தலை நிமிர்ந்து பாக்கல. குறிச்சுக்கிட்டுப் போயிட்டேன். வரலன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லியிருந்தா, நான் போய்த் தேடியிருப்பேன்ம்மா." நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "வா. இப்ப தேடுவோம்."

எழுந்து நின்றார். சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். கால் விழுந்த மனிதர் வெறுங்காலோடு வெயிலில் முன்னால் நடக்க, நான் பின்னால் ஓடினேன். வழி தேட வேண்டியிருக்கவில்லை அவருக்கு.

கோயிலின் பின்சுவரை ஒட்டித் தரைக்குள் இறங்கும் தொட்டி. பம்பு ரிப்பேருக்காக பிளம்பர் அன்றைக்கு இரும்பு மூடியைத் திறந்து போட்டுவிட்டு, ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தார். மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். இருட்டு. என் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். தண்ணீர்கூட அசையவில்லை.

பெரிய ஃபாதர் என் பக்கத்தில் குனிந்தார். வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார். "இருபத்தேழு!"

"உள்ளேன்" என்று கீழேயிருந்து பதில் வந்தது. என் மகன் குரல். எனக்கு உயிர் திரும்பி வருவதற்குள், அதற்கும் கீழேயிருந்து இன்னொரு முறை. "உள்ளேன்."

நான் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தேன். பெரிய ஃபாதர் மட்டும் பயப்படவில்லை. தப்பு செய்த பிள்ளையிடம் பேசுவது போல அத்தனை அன்பாகச் சொன்னார். "உன்னைத் தேட வராதது என் தப்புடா, ராசா. இதோ வந்துட்டேன். அந்தப் பிள்ளையை மேல அனுப்பிடு. அவனை அவங்க அம்மா தேடறாங்க."

தண்ணீர் அசையும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா!" என்று ஒரு அலறல். மிஸ் இல்லை, அம்மா. நான் போட்ட கூச்சலில், அப்போதுதான் திரும்பி வந்த பிளம்பர் ஏணியோடு ஓடிவந்தார். என் பின்னாலேயே வந்துவிட்ட வக்கீலும் இன்னும் நாலு பிள்ளைகளும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஏணி இறங்கியபோதுதான் பிளம்பரின் டார்ச் வெளிச்சத்தில் அவனைப் பார்த்தேன். தொட்டியின் நடுவில், எதையும் பிடிக்காமல், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

மேலே வந்ததும் கட்டிப்பிடித்து அழுதேன், அறைந்தேன், மறுபடி கட்டிப்பிடித்தேன். பல் கிட்டிக்கொண்டு நடுங்கினான். "யாரோ என் நம்பரைக் கூப்பிட்டாங்கம்மா. அந்தக் குரல் பின்னாடியே போனேன். உள்ள விழுந்தது ஞாபகமே இல்ல. அப்புறம், கீழ ஒரு தோள் இருந்துச்சு. அது மேல ஏறி நின்னுக்கிட்டேன்."

பிளம்பர் ஏணியில் இறங்கி, அவன் நின்ற இடத்தில் தன் நீளக் கம்பை விட்டுப் பார்த்தார். கம்பு முழுசாக உள்ளே போயிற்று, அவர் கையும் முழங்கை வரை நனைந்தது. அடி தட்டவே இல்லை. மனுஷன் மேலே ஏறிவந்து மூடியை இழுத்து மூடினார்.

அடுத்த நாள் சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு நானே இல்லத்துக்குப் போனேன். பெரிய ஃபாதர் பழையபடி நாற்காலியில், கால் பழையபடி அசைவில்லாமல். எங்களை யாரென்று தெரியவில்லை. அட்டெண்டன்ஸ் எடுத்தார். இருபத்தாறு வரைக்கும் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். "இருபத்தேழு" என்றார். என் மகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரிய ஃபாதர் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "வரல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு "இருபத்தெட்டு" என்றார். இத்தனை காலத்தில் அந்த எண்ணைத் தாண்டி அவர் போனதே இல்லை என்று சிஸ்டர் பின்னால் சொன்னார்.

என் மகன் இப்போது நன்றாக இருக்கிறான். பெயர் சொன்னால் திரும்புகிறான், டம்ளரை எடுத்து வைப்பதில்லை, எதிர்த்துப் பேசுகிறான். எல்லாம் பழையபடிதான். ஆனால் நான் குனிந்துகொண்டு அட்டெண்டன்ஸ் எடுப்பதை விட்டுவிட்டேன். இருபத்தேழு என்று கூப்பிட்டுவிட்டு அவனையே பார்க்கிறேன். "உள்ளேன் மிஸ்" என்று கேட்கிறது. அவன் உதடு அசைந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் குறிக்கிறேன்.