எலியம்மா பார்த்த வெளிச்சம்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் எலியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்து, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. "இதோ முடிஞ்சுது ராஜா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று கொஞ்சிக்கொண்டே எலியின் வால் நரம்பில் ஊசியை ஏற்றிவிடுவாள்.

ஊசியில் இருந்தது ஒருவகைச் சர்க்கரை. கொஞ்ச நேரம் மட்டும் கதிர்வீசும் அணு ஒன்றைக் கோத்த சர்க்கரை. மூளையில் எந்தப் பகுதி மும்முரமாக வேலை செய்கிறதோ, அது அந்தச் சர்க்கரையை அதிகமாக வாரிக்கொள்ளும். மயக்கத்தில் கிடக்கும் எலியை பெட் ஸ்கேன் கருவிக்குள் வைத்தால், வாரிக்கொண்ட இடங்கள் திரையில் ஒளிரும். நோய் பிடித்த மூளையில் அங்கங்கே இருட்டு.

அதே இருட்டை அவள் அண்ணனின் ஸ்கேனிலும் பார்த்திருந்தாள். அப்பா அம்மா போன பிறகு, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த சம்பாத்தியத்தில் அவளைப் படிக்கவைத்தவர் அண்ணன். அறுபதுகூட ஆகவில்லை. இப்போது குளியலறைக்குப் போனால் திரும்பி வரத் தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

மறதி நோய் வரும்படி வளர்த்த எலிகளில் பாதிக்குப் புது மருந்தும் மீதிக்கு வெறும் உப்புநீரும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மருந்து குடித்த எலிகளின் மூளை பளிச்சென்று இருந்தது. தலைமை ஆய்வாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணி, மருந்து வேலை செய்யுது. என் கண்ணால பாத்தேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. "நெஜமாவா? உங்கண்ணனுக்கு எப்ப குடுப்பாங்க?"

"மனுஷங்களுக்கு வர வருஷக்கணக்காகும். ஆனா வரும் அண்ணி."

அண்ணியின் காதில் 'வரும்' மட்டும்தான் விழுந்தது. பராமரிப்பு இல்லத்தில் நெடுநாள் காத்திருந்து கிடைத்த இடத்தை மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அதுவரைக்கும் நானே பாத்துக்குவேன். அங்க கொண்டுபோய் விட்டா மனுஷன் உடைஞ்சிடுவார்" என்றாள். எலியம்மாவும் தடுக்கவில்லை. அவளுக்கும் அதுதான் ஆசை.

இரண்டாம் சுற்றுக்கு எலிகளை எடைபோட்டபோதுதான் அது கண்ணில் பட்டது. மருந்துக் கூண்டுகளில் தீனி பாதிக்குப் பாதி அப்படியே கிடந்தது. எலிகள் மெலிந்திருந்தன. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை தாழ்ந்து கிடந்தது.

படத்துக்கு முன் எல்லா எலிகளையும் ஒரே அளவு நேரம்தான் பட்டினி போட்டிருந்தார்கள். ஆனால் மருந்து குடித்தவை அதற்கு முன்பே அரைப்பட்டினி. ரத்தத்தில் சாதாரணச் சர்க்கரை குறைந்தால் கதிர்ச் சர்க்கரைக்குப் போட்டியே இல்லை. மூளை அதைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். படமும் பளிச்சிடும்.

இரு கூட்டத்துக்கும் ரத்தச் சர்க்கரையைச் சரிக்குச் சரியாக்கி மறுபடி படம் எடுத்தாள். ஒவ்வொரு எலியாகத் திரையில் வந்தது. எல்லாவற்றிலும் அதே இருட்டு.

"மருந்து எதையும் குணப்படுத்தலை சார்" என்றாள். "பசியைக் கொன்னிருக்கு, அவ்வளவுதான்."

தலைமை ஆய்வாளர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "மூடி மறைக்க முடியாது. உள்ளதை எழுதிடலாம்" என்றார். பிறகு தயங்கி, "எலிகளையும் முடிச்சிடுங்க."

முடித்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, கை சிவக்கும்வரை கழுவினாள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்தபோது அண்ணி இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள். அவர் திமிறினார். இவளும் போய் ஒரு பக்கம் தாங்கினாள். உட்காரவைத்த பிறகு, மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அண்ணி அழவில்லை. "அப்ப அந்த இடம்?" என்று மட்டும் கேட்டாள்.

எலியம்மா அங்கேயே இல்லத்துக்கு ஃபோன் போட்டாள். அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார். மறுபடி வரிசையில்தான் நிற்க வேண்டும் என்றார்கள்.

"நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னே" என்றாள் அண்ணி. "ஆனா இனிமே என்கிட்ட எதையும் வந்து சொல்லாதேம்மா. நல்ல சேதின்னாலும் வேணாம்."

குளிர்காலம் முடிவதற்குள் அண்ணியின் முதுகு விட்டுப்போய்ப் படுத்த படுக்கையானாள். அண்ணனை எந்த இல்லத்தில் கட்டில் காலியோ அங்கே சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஊர். எலியம்மா விடுமுறைதோறும் போகிறாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். சில நாள் தடவவிடுகிறார். சில நாள் கையைத் தட்டிவிடுகிறார்.