இருக்கியா, இருக்கேன்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வரைப் பார்க்க எனக்கு முன்பே ஆறு பேர் வந்து, ஆறு பேரும் ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் தெருமுனை தாண்டியதும் கோளாறு வந்துவிடும். இரண்டு நிமிடம் எல்லாம் நின்று, பிறகு தானாகவே ஓடும். சர்வரில் இருக்கும் நெட்வொர்க் கார்டுதான் பதில் சொல்லாமல் போகிறது என்பது வரைக்கும் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஏன் என்றுதான் யாருக்கும் தெரியாது.

நான் ஏழாவது ஆள். எழுபத்தொரு வயது. பொய் சொல்லும் வயதைக் கடந்தவன் என்பதால் நீங்கள் என்னை நம்பலாம்.

திங்கட்கிழமை காலை சர்வர் அறைக்குள் போனேன். கண்ணாடிக் கதவு. உள்ளே போக எனக்குக் கொடுத்த அட்டை போதும். வெளியே வர மேனேஜருடைய அட்டை வேண்டும். குளிர் எப்படியென்றால், ஏ.சி. பக்கம் இருந்த என் பாதி மீசை அங்கேதான் நரைத்தது. அதற்கு முன்பே நரைத்திருந்தது என்கிறாள் என் மனைவி. கண்புரை முற்றியவள் சாட்சியை யார் ஏற்பார்கள்?

எங்கள் தொழிலில் எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். மடிக்கணினியைச் செருகி, நொடிக்கொரு தரம் சர்வரை ‘இருக்கியா?’ என்று கேட்கும் நிரலை ஓடவிட்டேன். அது ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாத நொடியில் கோளாறு கையும் களவுமாக அகப்படும். இருக்கியா, இருக்கேன். கேபிளை மாற்றினேன். இருக்கியா, இருக்கேன். சாயங்காலம் வரை ஒரு பதில்கூடத் தவறவில்லை.

பையைத் தூக்கியபோது மேனேஜர் வந்தார். அன்று முழுவதும் ஒருவர்கூட வந்து சண்டை போடாத நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

“நீங்க உட்கார்ந்தா ஓடுது பெரியவரே. அப்ப நீங்க உட்காருங்க.”

வேடிக்கை என்று நினைத்தேன். போர்வையும் தலையணையும் வந்தன. அந்த அறை முன்பு டாக்டர் அறையாக இருந்ததால் உள்ளேயே கழிப்பறை வேறு இருந்தது. ஆகவே நியாயம் பேசவும் வழியில்லை.

செவ்வாய் போயிற்று. புதனன்று மனைவிக்குக் கண் ஆபரேஷன். அவள் தம்பிதான் கூட்டிப்போனான். அன்று மாலை மேசைமேல் இருந்த போனில் அவன் பேசினான்.

“அத்தான், நாளைக்குக் காலைல கட்டுப் பிரிக்கிறாங்க. நீங்க எதிர்ல நின்னாதான் பிரிக்க விடுவேன்னு அக்கா சொல்லுது. பத்து மணிக்கு மேல டாக்டர் ஊருக்குப் போறாராம். வர எட்டு நாள் ஆகுமாம்.”

என்னத்தைக் கட்டிக்கொண்டோம் என்று முதலில் தெளிவாகப் பார்த்தாக வேண்டுமாம். நான் போகாவிட்டால் எட்டு நாள் இருட்டில் இருப்பாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். மேனேஜரிடம் கெஞ்சினேன். மனிதர் கண்கலங்கினார். கதவை மட்டும் திறக்கவில்லை.

வியாழன் காலை எட்டரைக்கு முழங்கையை மடிக்கணினிமேல் ஊன்றி அசந்துவிட்டேன். மூடி சாத்திக்கொண்டது, நிரலும் நின்றுபோனது. வெளியே சத்தம் கேட்டு விழித்தால், சர்வர் நின்றிருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ‘வேலை இல்லாதபோது உறங்கலாம்’ என்று கார்டுக்கு யாரோ அனுமதி கொடுத்து வைத்திருந்தார்கள். யாரும் கூப்பிடாவிட்டால் தூங்கிவிடும். எழுப்பினாலும் சோம்பல் முறித்து எழ இரண்டு நிமிடம். தூங்குகிறதா என்று பார்க்க வந்த நாங்கள் ஏழு பேரும் நொடிக்கு நொடி தட்டி எழுப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

அமைப்பில் அந்த அனுமதிக்கு எதிரே இருந்த குறியை எடுத்தேன். நிரலை ஓடவிடாமல் கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன், உடனே ‘இருக்கேன்’ என்றது. மேனேஜரிடம் விளக்கினேன்.

“முன்னாடி ரெண்டு நாள் நல்லா இருந்துட்டு நின்னிருக்கு. ரெண்டு நாள் பார்த்துடுவோமே” என்றார்.

மணி ஒன்பதே கால். உண்மை இனி உதவாது என்று தெரிந்துவிட்டது.

“உண்மைய சொல்லிடறேன் சார். அது உட்கார்ற விதத்துல இருக்கு. உங்களுக்குச் சொல்லித் தந்துட்டா அப்புறம் நான் எதுக்கு? இப்படி வாங்க. முதுகு நேரா. கால் தரையில படியணும். கையில, பையில எதுவும் இருக்கக் கூடாது.”

பேனா, சாவி, அட்டை எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் நிமிரச் சொன்னேன். அவருடைய அட்டையை நான் காட்டியதும் கதவு திறந்தது.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் எதிரில் நின்றேன். டாக்டர் கட்டைப் பிரித்தார். அவள் என் மோவாயைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். டாக்டர் கிளம்பிப் போனார். பிடி தளரவில்லை.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. மைத்துனன் எடுத்து என் காதில் வைத்தான். அந்த மேசைமேல் போனிலிருந்து மேனேஜர்.

“அருமையா ஓடுது பெரியவரே. நான் எழுந்திருக்கலாமா?”

“கொஞ்சம் பொறுங்க சார்” என்றேன், மோவாயை அசைக்காமல். “இங்க இன்னும் பார்த்து முடிக்கல.”