நான் கேட்ட டயர்

வண்டியை ஓட்டுவது நான். சேற்றில் சிக்கினால் இறங்கி நின்று தள்ளுவதும் நான். ஆனால் டயர் கடைக்காரர் சந்தோஷ் பேசியதெல்லாம் என் கொழுந்தன் தௌஹீதிடம்தான். திருக்கோகர்ணத்தில் இருக்கிற அந்தக் கடையில் அரைமணி நேரமாக நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாய், எந்த சைஸ் போடலாம்?"

"வண்டி என்னோடதுங்க. ஓட்டுறதும் நான்தான். என்கிட்ட கேளுங்க" என்றேன்.

சந்தோஷ் சிரித்துவிட்டு மறுபடியும் தௌஹீதைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெகதாப்பட்டினம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு இறால் பண்ணை. என் வீட்டுக்காரர் ராஜா முகமது குவைத்தில் இருக்கிறார். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். பண்ணைக்குத் தீவனம் ஏற்றுவது, ஆட்களை இறக்குவது, தண்ணீர் சோதனைக்குக் கொடுப்பது எல்லாம் நானும் அந்தச் சின்ன ஜீப்பும்தான். பாதை முழுக்கக் களிமண். மழை பெய்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. களி இல்லாத இடத்தில் சீமைக்கருவேல முள். போன மழையில் தீவன மூட்டைகளோடு பாதிவழியில் புதைந்துபோய், குளத்தில் இறால் பட்டினி கிடந்தது. அன்றைக்குத்தான் டயரை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

சும்மா ஒன்றும் முடிவு செய்யவில்லை. ஒரு வாரம் மண்டையைக் குடைந்து விசாரித்தேன். முள் ஏறாத அளவுக்குப் பக்கச்சுவர் தடித்த, எல்லாப் பாதைக்கும் ஆன டயர். பழையதைவிட ஒரே ஒரு சைஸ் பெரிது, அகலம் இருநூற்றுப் பதினைந்து மில்லிமீட்டர். ரொம்ப அகலம் கூடாது. அகல டயர் குவைத் மணலில் மிதக்கும், எங்கள் களியில் வழுக்கும். ஒல்லியாக இருந்தால்தான் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே கெட்டித் தரையைப் பிடிக்கும். இதையெல்லாம் மச்சானுக்குப் போனில் விளக்கினேன். "நீ சொல்றதுதான் சரி பவுசியா" என்றார் தினமும்.

சந்தோஷிடம் சைஸை இரண்டு தடவை சொல்லிவிட்டு, குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டருக்கு பெல்ட் வாங்கக் கீழராஜ வீதிவரை போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் ஜீப் எவனுடைய வண்டியோ மாதிரி நின்றது. நாலு பக்கமும் கொழுத்த டயர். குனிந்து படித்தேன். இருநூற்று முப்பத்தைந்து.

"என்னடா இது?"

"சும்மா கெத்தா இருக்குல்ல மதினி?" என்றான் தௌஹீத். ஏற்கனவே போட்டோ எடுத்து முடித்திருந்தான்.

கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறினேன். வண்டியை எடுத்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். கர்ரென்று டயர் உள்ளே போய் உரசியது. அந்தப்பக்கம் ஒடித்தாலும் அதே சத்தம்.

"அது ஒண்ணும் இல்ல பாய்" என்றார் சந்தோஷ், தௌஹீதிடம். "உள்ள இருக்க பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் அறுத்துவிட்டாச் சரியாப்போகும்."

"யாருங்க அறுக்கச் சொன்னது? பண்ணைக் கரையில மூலைக்கு மூலை முழுசா ஒடிச்சாத்தான் வண்டி திரும்பும். அங்கிட்டு இது உரசி நின்னுச்சுன்னா நான் குளத்துக்குள்ள கெடப்பேன். நீங்களா வந்து தூக்குவீங்க?"

"எதுக்கு மதினி டென்ஷன்?" தௌஹீத் கதவில் சாய்ந்துகொண்டான். "வண்டி பெருசாயிருச்சு, ஸ்டியரிங்கும் வெயிட்டாயிருச்சு. இனிமே ஒங்களால முடியாது. நானே ஓட்டிக்கிறேன்."

அவன் பண்ணைக்கு வந்ததே ரெண்டு தடவை. ரெண்டும் ரீல்ஸ் எடுக்க.

அப்போதே மச்சானை வீடியோ காலில் கூப்பிட்டு, டயரைக் காட்டினேன். தம்பியை நாலு வார்த்தை திட்டுவார் என்று நம்பினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நான்தான் அவன்கிட்ட சொன்னேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"ஊர்ல பேசுறாங்க பவுசியா. பொம்பளை தனியா பண்ணைக்கு வண்டி ஓட்டிக்கிட்டுப் போறான்னு. வேணாம்னு நேரா சொன்னா நீ கேக்க மாட்டே. பெரிய டயரைப் போட்டா ஒனக்கே கஷ்டமாயிரும், நீயே தன்னால தம்பிகிட்ட வண்டியக் குடுத்துருவேன்னு..."

ஒரு வாரம். ஒரு வாரமாக அகலம், உயரம், முள், களி என்று நான் கரைந்துகொண்டிருக்க, இந்த மனுஷன் சரி சரியென்று தலையாட்டியிருக்கிறார். பேசுகிற ஊர்க்காரன் ஒருவனாவது நான் சேற்றில் புதைந்தபோது கை கொடுத்தானா? இல்லை. ஊரைக்கூட விட்டுவிடலாம். என்னோடு ஒரு வார்த்தை நேராகப் பேசத் துணியாத இவரை என்ன செய்வது? எனக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கழட்டுங்க" என்றேன் சந்தோஷிடம். "நாலையும். நான் சொன்ன சைஸ் போடுங்க."

"மதினி, கீழ எறங்குங்க. சாவியக் குடுங்க" என்று தௌஹீத் கையை நீட்டினான்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிக் கையில் இறுக்கிக்கொண்டு, கதவை உள்பக்கமாகப் பூட்டினேன். என் ஜீப் கடை வாசலை அடைத்து நின்றது. பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. சந்தோஷ் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஜாக்கி போடக்கூடாது என்றார். நான் அசையவில்லை. ஹாரன் நிற்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

வண்டி என்னையும் சேர்த்து மெல்ல மேலே எழும்பியது. மடியில் கிடந்த போனில் மச்சான் இன்னும் இருந்தார்.

"நாலு பேர் பாக்குறாங்க. எறங்கு பவுசியா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"எறங்குனா மறுபடி ஏற விட மாட்டீங்க மச்சான்" என்றேன்.